ஏழாம் வீட்டில் ஓர் இதயம்

"ஏலே, என் மக ஜாதகத்துல, அதுவும் ஏழாம் வீட்டுல, இதயம் எப்படிலே வந்துச்சு?"

தீப்பெட்டி ஆபீஸ் ராமசுப்பு அண்ணாச்சி மாடியில் போட்ட சத்தத்துக்குப் புது ரோட்டில் போன இரண்டு சைக்கிள்கள் நின்றன. அவை நின்றதைப் பார்த்து மூன்றாவதும் நின்றது. அடுத்தவர் கடைக்குள் எட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் கோவில்பட்டியில் யாருக்கும் கிடையாது. கீழே படி ஓரமாக நின்றாலே எல்லாம் நன்றாகக் கேட்கும்.

"மெதுவா, அண்ணாச்சி. அது இதயம் இல்ல."

"இதயம் இல்லாம? நான் சினிமா போஸ்டரே பாத்ததில்லையா? பள்ளிக்கூடத்து பெஞ்சு பூரா காம்பஸை வச்சு எல்லாப் பயலும் இதைத்தானல கீறி வைக்கான்!"

"அது ஒரு கிராபிக்ஸ் எழுத்து அண்ணாச்சி."

"எழுத்தா? எங்க, வாசி பாப்போம்."

ஜாதகக் கடைக்காரன் பூவனலிங்கத்தால் வாசிக்க முடியவில்லை. ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதத்தில் பன்னிரண்டு கட்டமும் அழகாகத்தான் விழுந்திருந்தன. கிரகங்கள் அதனதன் வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருந்தன. ஏழாவது கட்டத்தில் மட்டும் குருவுக்குப் பக்கத்தில், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஓர் இதயம்.

"ஏழாம் வீடுங்கது என்ன? களத்திர ஸ்தானம். புருசன் வந்து உக்கார வேண்டிய இடம். அங்கன இதயம் கெடந்தா என்ன அர்த்தம்? எவனையோ மனசுல வச்சிருக்கான்னு அர்த்தம். விளாத்திகுளத்துக்காரவிய பொண்ணு கேட்டு நாளன்னைக்கு வாராவ. இதையா அவிய கையில குடுக்கச் சொல்லுத?"

"வேற எடுத்துத் தாரேன் அண்ணாச்சி."

"சுத்தமா எடு. இல்லைன்னா மாடியக் காலி பண்ணிட்டுப் போய்க்கிட்டே இரு."

மாடி அவருடையது. அதனால்தான் பூவனலிங்கத்துக்கு வேர்த்தது. முப்பதைத் தாண்டிய ஆள். அவன் அம்மா சொர்ணத்தாய் பெண் கேட்டுப் போகாத ஊர் இல்லை. எல்லா ஊரிலும் பதில் ஒன்றுதான்: "பையனுக்கு என்ன வேலை?" கம்ப்யூட்டர் ஜாதகம் என்று சொன்னால், வந்த காப்பியோடு பேச்சு முடிந்துவிடும். கடைசியாகக் கழுகுமலையில் மட்டும் பெண்ணின் தகப்பனார் மனசு இளகி, "கடை நெலச்சு நிக்குதான்னு பாப்போம்" என்று சொல்லியிருந்தார். கடை போனால் கழுகுமலையும் போகும். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறவனுக்குத் தனக்கென்று கிடைத்த ஒரே வாசல் அது.

கடைக்குப் பெயர் 'பூவனம் கம்ப்யூட்டர் ஜாதகம்'. அந்தக் கடையில் இருந்த கம்ப்யூட்டருக்கு ஜாதகம் கணிக்கத் தெரியாது என்பதுதான் அதன் தொழில் ரகசியம். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தாலும் பூவனலிங்கம் அதை ரகசியமாகவே வைத்திருந்தான்.

அது வீட்டுக் கம்ப்யூட்டர். சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன், தன் பிள்ளைகள் விளையாடிச் சலித்த பிறகு கொண்டுவந்து கொடுத்தது. பார்க்கத் தடித்த கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியில் சொருகினால் உயிர் வரும். கணிப்பெல்லாம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜோதிட ஆபீசின் பெரிய கம்ப்யூட்டர்தான். பூவனலிங்கம் டெலிபோன் வழியாகப் பிறந்த தேதியையும் நேரத்தையும் அனுப்புவான். அங்கிருந்து கட்டம் வரி வரியாக வந்து, இங்கே டிவியில் விழுந்து, பிரிண்டரில் கரகரவென்று இறங்கும்.

ஆனால் பெரிய கம்ப்யூட்டர் கண்டவனோடும் பேசாது. தன்னோடு பேச வருவது முறையான ஆபீஸ் டெர்மினல்தான் என்று அது நம்ப வேண்டும். அப்படி நம்பவைப்பதற்கு ஒரு சாப்ட்வேர். அதற்கு டெர்மினல் எமுலேஷன் என்று பெயர் சொன்னான் பூவனலிங்கம். கீழே டீக்கடையில் யார் வாயிலும் அது நுழையவில்லை.

"குலசை தசராவுக்கு நம்ம கறிக்கடைக்காரர் காளி வேசம் கட்டுதாருல்லா? அன்னைக்கு அவரைக் காளின்னுதான கும்பிடுதோம்? அது மாதிரி இது டெர்மினல் வேசம் கட்டுது."

புரிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு பொருத்தமாகக் காளி வேஷம் கட்டினாலும் கறிக்கடைக்காரரின் மீசை எங்காவது எட்டிப் பார்க்கும் அல்லவா? இந்த வேஷத்துக்கு மீசை, படங்கள். விளையாட்டுக்கென்று செய்த கம்ப்யூட்டர் என்பதால் அதற்குள் எழுத்துகளோடு படங்களும் இருந்தன. கீபோர்டின் ஒவ்வொரு கட்டையின் முன்பக்கத்திலும் சின்னதாக ஒரு படம்: கோடு, மூலை, வட்டம், அப்புறம் சீட்டுக்கட்டில் வருகிற இஸ்பேட், ஆட்டின் என்கிற இதயம், கிளாவர், டைமன். திருநெல்வேலி கோடு என்று அனுப்புவதை இது இஸ்பேட் என்று எடுத்துக்கொள்ளும். மூலை என்று அனுப்புவதை இதயம் என்று எடுத்துக்கொள்ளும். முதன்முதலில் வந்த ஜாதகம் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரிதான் இருந்தது.

திருநெல்வேலி ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் மாரிசெல்வி என்ற பெண்தான் டெலிபோனில் ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்பி, "என்ன தெரியுது? இப்ப?" என்று கேட்டுக் கேட்டுச் சரிபண்ணக் கைகொடுத்தாள். எது வந்தால் எதைப் போட வேண்டும் என்று பூவனலிங்கம் சாப்ட்வேருக்குள் மாற்றி எழுதினான். பிறகு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூவனலிங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: ஜாதகம் வரும்போது டிவியைப் பார்க்க மாட்டான், பிரிண்டரில் காகிதம் சிக்காமல் இருக்கிறதா என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பான்.

அண்ணாச்சி படியிறங்கியதும் டெலிபோனை எடுத்தான்.

"ஹலோ, கோவில்பட்டி பூவனலிங்கம் பேசுதேன்."

"தெரியுது. ஹலோவுக்கு முன்னாடி பெருமூச்சு விடுத ஆளு நீங்க ஒருத்தருதான்."

"இங்கன இதயம் வருதும்மா."

"எங்கன?"

"ஏழாம் வீட்டுல."

"சரி. வந்தா?"

"வந்தாவா? தப்பில்லையா அது? மிசின்ல எங்கயோ கோளாறு. கொஞ்சம் பாக்கக் கூடாதா?"



"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. பழுது உங்க பக்கந்தான்."

டக்கென்று வைத்துவிட்டாள். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு பூவனலிங்கம் மறுபடி எடுத்தான். இந்த முறை ஏழாம் வீட்டில் இரண்டு இதயங்கள்.

இனி நம்பிப் பயனில்லை. இதயம் வந்தால் அந்த இடத்தை வெறுமையாக விடு என்று சாப்ட்வேருக்குள் எழுதிவைத்தான். பதற்றத்தில் கை பக்கத்து வரியையும் சேர்த்து வெறுமையாக்கியது. பக்கத்து வரியில் இருந்தது சந்திரன்.

சாயங்காலம் காகிதத்தை வாங்கிய ராமசுப்பு அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தேடினார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"ஏலே, சந்திரன எங்கல?"

"இருக்கும் அண்ணாச்சி."

"எங்கல இருக்கும்? சட்டப் பையிலயா? சந்திரன் நிக்கிற வீடுதானல ராசி? சந்திரன் இல்லைன்னா எம்மகளுக்கு ராசி இல்ல, நட்சத்திரம் இல்ல. அப்ப அவ பொறக்கவே இல்லைன்னு சொல்லுதியா?"

அண்ணாச்சியோடு வந்திருந்த ஜானகியம்மாள், "பொறந்தா. வலி எனக்குத்தான தெரியும்" என்றாள்.

அதற்குள் அன்று ஜாதகம் வாங்கிப் போன மூன்று வீட்டுக்காரர்களும் சந்திரனைக் கேட்டுப் படியேறிவிட்டார்கள். பூவனலிங்கம் எல்லோரிடமும் கைகூப்பி, சந்திரனைத் திரும்ப எழுதிவைத்தான். அண்ணாச்சி மகள் சுகுணாவின் ஜாதகத்தை மட்டும் இனி மிஷினை நம்பாமல் கையாலேயே முடித்தான். பழைய காகிதத்தில் இதயத்தின் மேல் வெள்ளை மையைத் தடவி, காயவிட்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். குரு ஏழாம் வீட்டில் தனியாக, யோக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

"இதை முன்னமே செஞ்சிருக்கலாம்லால" என்றார் அண்ணாச்சி.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. விளாத்திகுளத்திலிருந்து வத்தல் வியாபாரி சிவனாண்டி, மகன் சம்பந்தமாகப் பேச ஆட்களோடு வந்து இறங்கினார். கூடவே பையனின் பழைய ஓலை ஜாதகமும் வந்தது. ராமசுப்பு அண்ணாச்சி அதைத் தொடவில்லை.

"ரெண்டு சரக்கையும் ஒரே தராசுலதான நிறுக்கணும் சம்மந்தி? நம்ம மாடியிலயே கம்ப்யூட்டர் இருக்கு. பையன் பொறந்த நேரத்தைச் சொல்லுங்க, இப்பவே எடுத்துருவோம்."

எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். இருந்தது இரண்டு ஸ்டூல். வந்தது ஒன்பது பேர்.

பூவனலிங்கம் முன்னெச்சரிக்கையாக இருந்தான். இதயம் வந்தால் வெறுமையாக விடு என்று எழுதித்தானே சந்திரனைத் தொலைத்தோம்? இந்த முறை, இதயம் வந்தால் அதற்குப் பதிலாக ஒரு சின்னப் புள்ளி போடு என்று எழுதியிருந்தான். அப்படி எழுதியிருப்பதாகத்தான் நினைத்திருந்தான்.

பிரிண்டர் கரகரத்தது. சிவனாண்டி குனிந்து பார்த்தார். பையனின் ஏழாம் வீட்டில் கன்னங்கரேலென்று, கொண்டை தெரிய, ஓர் இஸ்பேட்.

பூவனலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். மாடி போயிற்று, கடை போயிற்று, கழுகுமலை போயிற்று.

சிவனாண்டி சத்தம் போடவில்லை. ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். நெற்றியைத் துண்டால் துடைத்தார்.

"இது... இது எப்படிவே உம்ம மிசினுக்குத் தெரியும்?"

"எது அண்ணாச்சி?"

"பய சீட்டாடுத விசயம்."

கீழே டீக்கடையில் பாய்லரைக்கூட அடக்கிவைத்தார்கள்.

"தூத்துக்குடியில ஒரு கிளப்பு. அங்கனதான் ராவும் பகலும் கெடக்கான். நான் வாங்கிக் குடுத்த மோட்டார் சைக்கிளையே சீட்டுல விட்டுட்டு நடந்து வந்தவன்யா அவன். கல்யாணம் முடிஞ்சா திருந்திருவான்னு நெனச்சோம்." அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "எங்க ஊரு ஜோசியருக்கு இது தெரியாமப் போச்சே!"

விளாத்திகுளம் வேன் காப்பி குடிக்காமலே கிளம்பியது.

ராமசுப்பு அண்ணாச்சி பூவனலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, எம்மகளக் காப்பாத்திட்டப்பா. கடையாவது, காலி பண்றதாவது! நீ உன் ஆயுசுக்கும் இங்கனயே இரு."

தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணாச்சி படியிறங்கினார். ஐந்தாறு படி இறங்கியிருப்பார், நின்றார். அப்படியே திரும்பி ஏறி வந்தார். முகம் மாறியிருந்தது.

"ஏலே, அவனுக்கு இஸ்பேட் நெசம்னா..."

"அண்ணாச்சி?"

"எம்மகளுக்கு இதயமும் நெசந்தானல?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி! ரெண்டுமே பழுது. சத்தியமாச் சொல்லுதேன். புள்ளி போடச் சொன்னேன், கை தவறி இஸ்பேட் நம்பரைக் குடுத்துட்டேன்!"

"போல போக்கத்தவனே. பழுது வந்துதான் சிவனாண்டி வாயத் தொறந்தாரோ? மிசின் சொல்லிருச்சு. நீ அவளுக்குப் பரிஞ்சு வெள்ளை மை தடவிட்ட. யாருல அவன்?"

உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு ஆள் வேண்டும். பூவனலிங்கம் மாடியில் நின்று திருநெல்வேலி, டெர்மினல், வேஷம் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்தது என்பதால் நடந்தது நடந்தபடியே எல்லோருக்கும் தெரியும்.

"ஏட்டி சுகுணா! இங்கன வா. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சொல்லிருச்சு!"

சுகுணா அரிசி களைந்துகொண்டிருந்தவள், ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பேரையும் சொல்லிருச்சாப்பா?"

"பேரு... அதை இன்னும் சொல்லல."

"அப்ப நானே சொல்லிருதேன். முத்துசெல்வம்."

தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிற பிரஸ் முத்துசெல்வம். வாரத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் லேபிள் ஏன் தினம் தினம் வருகிறது என்று தெருவில் எல்லோரும் யோசித்திருந்தார்கள், அண்ணாச்சியைத் தவிர. ஜானகியம்மாள் வழியில் தூரத்துச் சொந்தம், முறைப்பையன்தான். ஆகவே அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு, ஆவணி மாதத்தில் கல்யாணத்தை முடித்து வைத்தார்.

பூவனலிங்கத்தின் மாடியில் அதற்குப் பிறகு நிற்க இடமில்லை. சாத்தூர், எட்டயபுரம் என்று வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் பயந்துபோய் அந்த இஸ்பேட் வரியையே அடியோடு எடுத்துவிட்டான். அதன் பிறகு வந்ததெல்லாம் இதயந்தான். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது, மறுபடி வரும். யாருடைய ஜாதகம் என்ற கணக்கே இல்லை.

அங்கேதான் வினை. முன்பு இதயம் வந்தால் பழுது. இப்போது வந்தால் சாட்சி. கல்லூரிக்குப் போகிற இரண்டு பிள்ளைகளைப் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்காரவைத்தார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஜாதகம் எடுக்க வந்த ஒரு மளிகைக்கடைக்காரருக்கு ஏழாம் வீட்டில் இதயம் விழுந்ததும், அவர் வீட்டம்மாள் கூடவே நின்று பார்த்துவிட்டு, "இந்த வயசுலயுமா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு நேரே பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மனுஷன் துண்டும் கையுமாகப் படியில் உட்கார்ந்து, "யாருன்னாவது சொல்லுப்பா, எனக்கே தெரியல" என்று அழுதார்.

ராமசுப்பு அண்ணாச்சியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, உண்மை நல்லதுதான். ஆனா ஊரு தாங்காது. அந்த இதயத்தை நிப்பாட்டு. இல்லைன்னா நம்ம ரெண்டு பேரையும் மாடியோட சேத்துக் கொளுத்திருவானுவ."

கழுகுமலையிலிருந்தும் ஆள் வந்தது. ஊரில் குடும்பத்தைக் கெடுக்கிற கடை என்று பேசிக்கொள்கிறார்களே, நிஜமா என்று.

பூவனலிங்கம் டெலிபோனை எடுத்தான். இந்த முறை ஹலோகூடச் சொல்லவில்லை.

"மாரிசெல்வி, இந்த இதயம் அடியோட நிக்கணும். இதுனால என்னால ரோட்டுல தலை நிமிந்து நடக்க முடியல."

"அவ்வளவு தொந்தரவாவா இருக்கு?"

"தொந்தரவுன்னா தொந்தரவு! எதுக்குத்தான் இப்படி வந்து உசுர வாங்குதோ!"

இரைச்சல். நெடுநேரம் இரைச்சல்.

"சரி சார்" என்றாள் அவள்.

பூவனலிங்கம் அன்றே கடையை அடைத்துவிட்டு சாப்ட்வேரை முதல் வரியிலிருந்து பிரித்தான். கோட்டையும் மூலையையும் வட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். இதயம் வருவதற்கான வழியை மூன்று இடத்தில் அடைத்தான். கறிக்கடைக்காரர் மீசையை மழித்துக்கொண்டு வந்த மாதிரி, வேஷம் இப்போது சுத்தமாக இருந்தது.

மறுநாள் இதயம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஒரு மாதம் போயிற்று. கட்டங்கள் பளிச்சென்று, கோடு கோடாக, பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டு மாதிரி வந்தன. மளிகைக்கடைக்காரர் வீட்டம்மாள் திரும்பி வந்தாள். முத்துசெல்வமும் சுகுணாவும் பிரஸ்ஸைச் சாத்தூருக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். சிவனாண்டியின் மகன் அருப்புக்கோட்டையில் பெண்ணெடுத்து, மாமனார் வீட்டோடு போய்விட்டான். அங்கே சீட்டுக்கட்டைக் கண்ணில் காட்டுவதில்லையாம். கழுகுமலையிலிருந்து தை போய் மாசிக்குள் வருவதாகச் சேதி வந்தது. சொர்ணத்தாய் வீட்டுக்கு வெள்ளையடித்தாள்.

பூவனலிங்கத்துக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. ஊரில் யாரிடம் சொன்னாலும் விளங்காது. பழுது உங்கள் பக்கந்தான் என்று மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொன்னாளே, அவளிடம்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் தினமும் கேட்ட குரல் கொஞ்ச நாளாகக் கேட்காததும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. திருநெல்வேலிக்குப் போட்டான்.

எடுத்தது ஆண் குரல். ஆபீஸ் அட்டெண்டர் கடற்கரை.

"கோவில்பட்டி பூவனலிங்கம் பேசுதேன் அண்ணாச்சி. அந்த மாரிசெல்விகிட்ட ஒரு விசயம் சொல்லணும். இங்கன ஏழாம் வீட்டுல இதயம் வந்துக்கிட்டே இருந்துச்சுல்லா, அதை நானே தனியா உக்காந்து நிப்பாட்டிட்டேன்னு சொல்லுங்க. ஒரு மாசமா ஒண்ணுகூட வரல!"

"நீங்க எங்கய்யா நிப்பாட்டுனீங்க?" என்றார் கடற்கரை. "அத்தனையும் அந்தப் பிள்ள உங்களுக்குன்னு கையால தட்டி அனுப்புனதுல்லா, போன மாசந்தான் கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளகூட பம்பாய்க்கு ரயிலேறிட்டாளே!"